சுவர் பக்கம் திருப்பி வைத்த ஜாடி

காபி வேண்டாம், கண்ணு. தண்ணீர் போதும். வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, பொறுமையும் கிடையாது. உங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு வெள்ளைக் கல் ஜாடியில் துளசி வைத்திருக்கிறீர்களே, அந்த ஜாடி என்னுடையது.

அப்படிப் பார்க்காதே. என்னுடையது இல்லை, என்னுடையதாக இருந்தது. திருட்டுப் பட்டம் கட்ட வரவில்லை. உன் மாமனாரின் மணிவிழாவுக்கு என் சிநேகிதி ஹேமலதா கொண்டுவந்து கொடுத்தாள் இல்லையா, கண்ணாடித்தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி? அந்த ரிப்பனும் என்னுடையதுதான். அவள் புது வீடு புகுந்தபோது நான் கட்டிக் கொடுத்த ரிப்பன். அவிழ்க்கக்கூடச் செய்யாமல் அப்படியே உங்களிடம் தள்ளிவிட்டிருக்கிறாள். ஒரு ரிப்பன் மாற்றத் தோன்றவில்லை பார் மனுஷிக்கு. நான் மட்டும் யோக்கியமா? எனக்கு வந்ததைத்தான் நான் அவளுக்குத் தள்ளினேன். என்ன, ரிப்பனாவது புதிதாக வாங்கினேன்.

நாளைக் காலை பதினொரு மணிக்கு என் ஓரகத்தி தமயந்தி அக்கா இங்கிலாந்திலிருந்து வந்து இறங்குகிறாள். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. ஜாடி அவள் அனுப்பியது. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அது என் ஹாலில் இருந்தாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். உன் அத்தை கோயிலிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகும்? சனிக்கிழமை, பெருமாள் கோயிலில் கூட்டம் இருக்கும். முக்கால் மணியா? போதும். வெளியே ஆட்டோக்காரரை நிற்கச் சொல்லியிருக்கிறேன். துளசிக்கு நல்ல மண்தொட்டி ஒன்றும் வாங்கி வந்திருக்கிறேன், பெரியது, கோலம் போட்டது.

வேர் விட்டிருக்கிறதா? விடட்டுமே, மண்ணோடு எடுத்தால் போகிறது. என்ன சொன்னாய்? உன் மாமனார் அடியில் ஓட்டை போட்டாரா? தண்ணீர் வடியவா? டிரில்லிங் மெஷினிலா! சரி, சரி. அடியில்தானே. அடியை யார் பார்க்கப் போகிறார்கள்.

நீ தயங்குவது புரிகிறது. அத்தையைக் கேட்காமல் துளசியில் கைவைக்க முடியாது. அப்படியானால் முழுக்கதையையும் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீயே சொல்.

என் பேர் கோகிலாமணி. சாய்பாபா காலனியில் இருக்கிறேன். கான்வென்ட்டில் படித்தவள். இதை நான் யாரிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் சொல்லிவிடுவேன் என்று என் மகள் சொல்வாள். இன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகச் சொல்லியிருக்கிறேன், கவனி.

அந்தக் கான்வென்ட்டில் எங்களுக்கு வரலாறு எடுத்தவர் சிஸ்டர் பெர்னதெத். ரோமாபுரிப் பாடம் வந்தால் புத்தகத்தில் நாலு சிலைப் படம் இருக்கும். நாலின்மேலும் பிரவுன் பேப்பர் வெட்டி, மைதாப் பசை தடவி, சிஸ்டரே ஒட்டியிருப்பார். நாற்பத்திரண்டு புத்தகத்திலும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது; நல்ல கெட்டிப் பசை. ஆகவே ரோமாக்காரர்கள் சாலை போட்டார்கள், சட்டம் எழுதினார்கள், பிரவுன் பேப்பர் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்பதுதான் என் படிப்பு.

இப்படிப்பட்டவள் வீட்டுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால், நாங்கள் புது வீடு கட்டிக் குடிபோன சமயத்தில், கப்பலில் ஒரு மரப்பெட்டி வந்தது. இரண்டு ஆள் தூக்கினார்கள். உள்ளே வைக்கோலும் தெர்மோகோலும். அதற்குள் இந்த ஜாடி. முழங்கால் உயரம், இரண்டு கைப்பிடி. ரோமாபுரியில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பளிங்கில் செதுக்கிய ஜாடி ஒன்று ஏதோ மியூசியத்தில் இருக்கிறதாம், அதன் நகல் என்று பெட்டிமேல் ஒட்டிய காகிதத்தில் இருந்தது. கூட ஒரு சின்ன அட்டை. ‘கோகிலாவுக்கு, தமயந்தி.’ அவ்வளவுதான். நல்லாயிருக்கியா இல்லை, வீடு எப்படி இருக்கு இல்லை. இரண்டு வார்த்தை.

ஜாடியைச் சுற்றிலும் ஆட்கள். ஒருத்தி ஆடுகிறாள், ஒருத்தி தாளம் தட்டுகிறாள், ஒருவன் குழல் ஊதுகிறான். ஒருவர் உடம்பிலும் உருப்படியாக ஒரு முழத் துணி கிடையாது. சிஸ்டர் பெர்னதெத் எதை ஒட்டி மறைத்தார் என்று நாற்பது வருஷம் கழித்து என் ஹாலில் தெரிந்துகொண்டேன். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பக்கம் திருப்பினால் ஒரு கிழவன். தொந்தியும் தாடியுமாக, குடித்துவிட்டுக் கால் மடங்கி விழப்போகிறான். பின்னாலிருந்து ஒருவன் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்திருக்கிறான்.

எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் சவரச் சோப்போடு வந்து பார்த்தார். “அட, நம்ம அண்ணன் மாதிரியே இருக்கான்” என்றார். போய் மிச்ச சவரத்தை முடித்தார். அந்த மனுஷன் அப்படித்தான். தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். எரிவது நான்.

எரியத்தான் செய்தது. ஏன் என்று சொல்கிறேன்.

என் மூத்தார், தமயந்தி அக்காவின் புருஷன், குடிப்பார். ஊருக்கெல்லாம் தெரியும், குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அதாவது யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. “அவருக்கு லோ பிரஷர்” என்பார்கள். “அந்த ஊர்க் குளிரு” என்பார்கள். என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஒன்பது வருஷம் ஆகிறது. ரிசப்ஷன் அன்றைக்குப் பெரியப்பா மேடைக்கு வந்து பிள்ளையை ஆசீர்வாதம் செய்ய வேண்டும். வந்தார். மூன்று படி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் வரிசையாக நிற்கிறார்கள், வீடியோக்காரன் விளக்கைப் பிடித்திருக்கிறான், இவருக்குக் கால் மடங்குகிறது.

நான் பாய்ந்து போய்ப் பின்னால் நின்றேன். பட்டுப்புடவைத் தலைப்பை அவர்மேல் போட்ட மாதிரி ஒரு கையை இடுப்பில் சுற்றி இறுக்கிப் பிடித்தேன். தொண்ணூறு கிலோ இருப்பார். சிரித்துக்கொண்டே நின்றேன். வந்த ஒவ்வொருத்தருக்கும் “எங்க மூத்தாருங்க, லண்டன்ல இருக்காருங்க” என்று அறிமுகம் செய்தேன். லெஸ்டரில்தான் இருந்தார், லண்டன் என்றால் சீக்கிரம் புரியும். இடையிடையே அவர் காதோரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு, “விழுந்தீங்கன்னா கொன்னுருவேன்” என்றேன். இருபது நிமிஷம். ஆல்பத்தில் பார்த்தால் பாசமான குடும்பம் என்று இருக்கும்.

அன்பு கின்பு என்று நினைத்துவிடாதே. மானம் போகக்கூடாது என்றுதான் பிடித்தேன். என் மானம். அவருடையது எப்போதோ போயாயிற்று.

மறுநாள் அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது எனக்கு இடுப்பு நிமிரவில்லை. எரிச்சல். தமயந்தி அக்கா பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னேன்: “ஏங்க்கா, ஒரு நாள் பிடிச்சதுக்கே என் இடுப்பு போச்சு. தினமும் நீங்க எப்படித்தான் தாங்கறீங்களோ?”

குத்தலாகத்தான் சொன்னேன். ஏன் மறைக்க வேண்டும்? குத்துவதற்கென்றே சொன்னேன். அக்கா பூட்டிய பெட்டியைத் திறந்து மறுபடி பூட்டினாள். போய்விட்டாள்.

அதற்கப்புறம் தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன். நாலு வருஷத்துக்கு முன்னால் மூத்தார் போய்விட்டார். எனக்கு விசா கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் போயிருப்பேனா என்று கேட்காதே. அதற்கு அடுத்த வருஷம் இந்த ஜாடி.

இப்போது சொல். பெட்டியைத் திறந்தால் குடித்துவிட்டு விழுகிற கிழவன். கூட இரண்டு வார்த்தை. நான் என்ன நினைப்பேன்? ஆறு வருஷம் மனசில் வைத்திருந்து, என் குத்தலுக்குக் கல்லிலேயே ஒரு பதில் குத்தல் செய்து கப்பலேற்றியிருக்கிறாள் என்று நினைத்தேன். ‘எம் புருஷனைப் பேசினியே, இந்தா, உன் ஹால்லயே வெச்சுக்கோ.’ அன்றைக்கே கிழவனைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். “ஜாடி வந்ததுக்கா, தேங்க்ஸ்” என்று வாட்ஸப்பில் போட்டு, ஒரு கும்பிடும் கை பொம்மையும் போட்டேன். இரண்டு வார்த்தைக்கு மூன்று வார்த்தை.

ஆறு மாதம் அதில் குடை வைத்திருந்தேன். வருகிறவர்களிடம் ரோமாபுரியைப் பற்றி அரை மணி பேசுவேன். “அந்தப் பக்கம் என்ன இருக்குதுங்க?” என்று யாராவது எட்டிப் பார்த்தால், “இதேதான், ரிப்பீட்டு” என்பேன். வேலைக்கு வரும் சரோஜா துடைக்கும்போது திருப்பிவிடுவாள், நான் மறுபடி திருப்பி வைப்பேன். இப்படி ஒரு கிழவனோடு போராட முடியவில்லை. ஹேமலதா வீடு கட்டினாள். ரிப்பன் வாங்கினேன்.

நிம்மதியாக இருந்தேன், கண்ணு. போன வியாழக்கிழமை வரைக்கும்.

வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள். “கோகிலா, நான் வரேன். ஒரு வாரம் உங்கூடத்தான் இருக்கப் போறேன்” என்றாள். சரி வாங்க என்றேன். “அந்தத் தேங்க்ஸுக்கு அப்புறம் மூணு வருஷமா ஜாடியைப் பத்தி நீ ஒரு வார்த்தை சொல்லல. அந்த மூக்கை வெச்சதுல உனக்குக் கோபம்னு எனக்குத் தெரியும். நேர்ல வந்தே மன்னிப்புக் கேட்டுக்கறேன்” என்றாள்.

எந்த மூக்கு?

கேட்டேனா? கேட்கவில்லை. எனக்கு ஒன்று தெரியாது என்று சொல்ல நாக்கு வராது, கான்வென்ட் வளர்ப்பு. “சேச்சே, கோபமெல்லாம் என்னத்துக்குங்க்கா? மூக்கு ரொம்ப நல்லா வந்திருக்குது” என்றேன்.

“நிசமாவா? மூக்குத்தி?”

“மூக்குத்திதான் இன்னும் பிரமாதம்.”

அவள் போனிலேயே அழுதுவிட்டாள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் சோபாவில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. குக்கர் ஏழு விசில் அடித்துவிட்டது.

அது கடையில் வாங்கிய ஜாடி இல்லை, கண்ணு. மூத்தார் போன பிறகு அக்கா ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். தோட்டத்தில் வைக்கிற மாதிரி பழைய ஜாடிகளை நகல் எடுக்கிற இடம். பளிங்குத் தூளைக் குழைத்து அச்சில் வார்ப்பார்களாம். வார்த்து எடுத்தால் எல்லா முகமும் மழுங்கிக் கொழுக்கட்டை மாதிரி இருக்குமாம். அப்புறம் ஒரு ஆள் உட்கார்ந்து, கண், வாய், விரல் என்று ஒவ்வொன்றாகக் கையால் கீறி, அரம் போட்டு, தேய்த்து எடுக்க வேண்டும். இந்த ஜாடியை முழுக்க அவளே செய்திருக்கிறாள். எட்டு மாதம். கிழவனைத் தாங்கிப் பிடித்திருக்கிறானே ஒருவன், அவனுடைய ரோமாக்கார மூக்கை நாலு நாள் சீவித் தள்ளிவிட்டு, என் கல்யாணப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் மூக்கை வைத்திருக்கிறாள்.

இந்த மூக்கைத்தான். எங்கள் அப்பா வீட்டு மூக்கு. நடுவில் ஒரு மேடு, நுனியில் ஒரு வளைவு. பள்ளிக்கூடத்தில் கிளி என்று கூப்பிடுவார்கள். இதை ஒருத்தி எட்டாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் உட்கார்ந்து அரத்தால் தேய்த்திருக்கிறாள். நான் சுவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

“இருபத்தாறு வருஷம் கோகிலா” என்றாள். “எல்லாரும் அவரைப் பாக்காத மாதிரி தலையைத் திருப்பிக்குவாங்க. என்னையும் சேர்த்துத்தான். நீ ஒருத்திதான் கையைக் குடுத்துப் பிடிச்சே. நீ ஒருத்திதான், நீங்க எப்படித் தாங்கறீங்கன்னு கேட்டே. அன்னிக்கு வாயைத் திறந்தா அழுதுருவேன்னுதான் பெட்டியைப் பூட்டிட்டே இருந்தேன்.”

அது கேள்வி இல்லை அக்கா, குத்தல் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழுகிறவளிடம் போய் அதைச் சொல்வதா? ஒன்பது வருஷமாக அவள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கே இந்த விஷயம் இப்போதுதான் தெரியும்.

ஹேமலதா வீட்டுக்கு ஓடினேன். முதலில் பரணில் இருக்கிறது என்றாள். ஏணி எங்கே என்று கேட்டேன். அப்புறம்தான் உங்கள் வீட்டு மணிவிழாக் கதை வெளியே வந்தது. அவள் போனில் உங்கள் துளசி பூஜைப் படம் காட்டினாள். சுற்றிலும் பட்டுத்துண்டு கட்டி, பூப் போட்டு, ஒன்றும் தெரியவில்லை.

அழவில்லை. உங்கள் வீட்டில் சாம்பிராணி கொஞ்சம் அதிகம்.

எழுந்திரு, கண்ணு. எனக்குப் பொறுமை போய்விட்டது. தூக்குவது அப்புறம், முதலில் பார்க்கவாவது பார்க்கிறேன். எந்தப் பக்கம், சமையலறை வழியாகவா? நீ முன்னால் போ.

அடேயப்பா. என் வீட்டில் குடை வைத்திருந்தேன் இதில். கோலமென்ன, விளக்கென்ன. துளசி இடுப்புக்கு வளர்ந்துவிட்டதே. இந்தப் பட்டுத்துண்டு யார் யோசனை, உன் அத்தையா? சிஸ்டர் பெர்னதெத் இருந்தால் உன் அத்தையைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்.

குழல் ஊதுகிறவன் யார்? கிருஷ்ணனா! சரிதான், குழல் ஊதினால் வேறு யார். சுற்றிலும் ஆடுவது கோபிகைகள். நியாயம். அந்தக் கிழவன்?

என்ன சொன்னாய்? குசேலரா?

இரு, இரு. சிரித்துவிட்டு வருகிறேன். குசேலருக்கு இவ்வளவு தொந்தி ஏதம்மா? கிருஷ்ணன் வீட்டில் விருந்து சாப்பிட்ட பிறகா? உன் அத்தைக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. நடந்து வந்த களைப்பில் துவண்டு விழுந்த குசேலரைக் கிருஷ்ணன் ஓடிவந்து தாங்கிப் பிடிக்கிறார். அதனால்தான் அந்தப் பக்கத்தைச் சமையலறை வாசலைப் பார்க்க வைத்திருக்கிறீர்கள். தினமும் காலையில் அங்கேதான் முதல் பொட்டு. எங்கள் மூத்தாருக்கு! கேட்டால் அந்த மனுஷன் இன்னொரு ரவுண்டு கேட்பார்.

நகரு, நான் இந்தப் பக்கம் வருகிறேன்.

கிழவனை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பின்னால் நிற்கிற ஆளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. குடிகாரன் என்றதும் நான் திருப்பிவிட்டேன். எல்லாரையும் போலத்தான்.

துண்டைக் கொஞ்சம் இறக்கு. போதும்.

மூக்கு.

மேடும் இருக்கிறது. வளைவும் இருக்கிறது. இந்தப் புள்ளி... கல்லில் அடிபட்ட பள்ளம் என்று நினைத்தீர்களா? இல்லை, கண்ணு. இதோ பார், இங்கே, என் மூக்கைப் பார். ஒற்றைக்கல். இடது பக்கம். வாயைப் பார், பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இல்லை? காதில் ஏதோ சொல்கிற மாதிரி? விழுந்தீங்கன்னா கொன்னுருவேன். அவள் அன்றைக்கு மேடைக்குக் கீழேதான் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

பின்னால் குட்டியாக ஒரு வால் இருக்கிறதே, அது ரோமாக்காரன் வைத்ததா, இவளாக வைத்ததா என்று கேட்க வேண்டும்.

நெற்றியில் யார் இவ்வளவு பெரிய பொட்டு வைத்தது? அத்தையா? தினமுமா? ஐம்பத்து நாலு வயசாகிறது, கண்ணு. என்னைப் பார்த்துக் கும்பிட்டுச் சுற்றி வந்தவர்கள் இதுவரை யாரும் கிடையாது. சுற்றி வந்தது கொசு மட்டும்.

தூக்க வேண்டாம். விடு. ஆட்டோக்காரரை அனுப்பிவிடு. அந்த மண்தொட்டியை இங்கேயே வைத்துக்கொள், ஓமவல்லி கீமவல்லி வை. இதைப் பிடுங்கிக்கொண்டு போய் மறுபடி என் ஹாலில் வைத்து, ஓட்டையை மறைத்து, வேரை மறைத்து, பொட்டை அழித்து... அப்புறம் அவள் எதிரில் ஒரு வாரம் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். இடுப்பு தாங்காது எனக்கு.

போன் எங்கே வைத்தேன்? இதோ. இப்போது அங்கே ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். நீ போகாதே, பக்கத்தில் நில்.

அக்கா? நான் கோகிலா. கேக்குதுங்களா? மூக்கைப் பாத்துட்டேனுங்க்கா. ... இல்ல, இன்னிக்குத்தான் பாத்தேன். இப்பத்தான். இதுவரைக்கும் பாக்கவே இல்ல. அன்னிக்குப் போன்ல சொன்னது பொய். ... ஜாடி எங்க வீட்டுல இல்லீங்க்கா. நான் குடுத்துட்டேன். கிப்ட்டா, ரிப்பன் கட்டி. ... வேற ஒரு வீட்டுல இருக்குது. துளசி வெச்சிருக்காங்க, விளக்கு ஏத்தறாங்க. நாளைக்கு நேரா இங்கயே கூட்டிட்டு வரேன். வந்து திட்டுங்க. ... அக்கா? லைன்ல இருக்கீங்களா?

சிரிக்கிறாள், கண்ணு. விக்கி விக்கிச் சிரிக்கிறாள்.

என்னங்க்கா? ... துளசியா? அங்க குளிருக்கு ஒரு செடிகூட நிக்கலையா? ... இங்க நல்லா வருதுங்க்கா. தளதளன்னு வருது. என் தலை மேலதான் வளருது.